தோற்கப்போகிற புதுமுகத்துக்குப் பத்து நிமிடம்: ஜப்பானியப் பெண்கள் ரெஸ்லிங்கில் வில்லியோடு ஓர் ஆட்டத்தை அமைக்கும் முறை

முடிவை முன்பே பேசி வைத்து ஆடும் ஜப்பானியப் பெண்கள் ரெஸ்லிங்கில், அறிமுகமாகி ஒரு வருடம்கூட ஆகாத பெண் ஒருத்தி, நிறுவனத்தையே மிரட்டிக்கொண்டிருக்கும் வில்லியை எதிர்த்து இறங்குகிறாள் என்றால், முடிவு டிக்கெட் வாங்கும்போதே எல்லோருக்கும் தெரியும். புதுமுகம் தோற்பாள். ஆனாலும் கூட்டம் வருகிறது, தொண்டை வற்றக் கத்துகிறது, சில நேரம் அழவும் செய்கிறது. தெரிந்த முடிவை இரண்டு நிமிடம் மறக்கவைப்பதுதான் இங்கே வேலை. அந்த இரண்டு நிமிடத்துக்காக மீதி எட்டு நிமிடமும் சிறுகச் சிறுகச் சேமிக்க வேண்டும். சேமிக்கத் தெரியாமல் முன்னாலேயே செலவழித்துவிடும் ஆட்டங்கள்தான் பெரும்பாலும் கெட்டுப்போகின்றன.

இந்தக் குறிப்புகள் பயிற்சியாளருக்கும், வில்லியாக இறங்கும் மூத்தவருக்கும், நடுவருக்கும், இப்படி ஒரு காட்சியை எழுதவோ கூர்ந்து பார்க்கவோ விரும்புகிறவருக்கும் பயன்படும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கீழே வரும் எதையும் வீட்டு மெத்தையிலோ கல்லூரி மேடையிலோ முயலக் கூடாது. முறையான ரிங், பக்கத்தில் அனுபவமுள்ள பயிற்சியாளர், விழக் கற்றுக்கொண்ட இரண்டு பேர் ஆகிய மூன்றும் இருந்தால்தான் இது ரெஸ்லிங்.

கையில் என்ன இருக்கிறது

புதுமுகத்தின் கையிருப்பை முதலில் எண்ணுங்கள். குதித்து இரண்டு காலாலும் உதைக்கும் ட்ராப்கிக், முழங்கை அடி, தூக்கிக் கீழே போடும் பாடி ஸ்லாம், சட்டென்று சுருட்டிப் போடும் ரோல்-அப், குப்புறக் கிடப்பவளின் கால்களைப் பின்னால் மடக்கி இழுக்கும் ஒரு பாஸ்டன் கிராப். அவ்வளவுதான், அதுவே போதும். ஜப்பானில் புதுமுகங்களை அலங்காரம் இல்லாத ஒற்றை நிற நீச்சலுடையில் இறக்கி, அடிப்படைப் பிடிகளோடு மட்டும் ஆடவிடும் வழக்கம் நீண்ட காலமாக இருக்கிறது. கயிற்றின் உச்சியிலிருந்து பின்குட்டிக்கரணம் அடிக்க அவளுக்குத் தெரிந்திருக்கலாம், ஆனாலும் விடமாட்டார்கள். அவள் கழுத்து இன்னும் முறுகவில்லை என்பது ஒரு காரணம். இன்றைக்கே எல்லாவற்றையும் காட்டிவிட்டால் அடுத்த வருடம் காட்ட எதுவும் இருக்காது என்பது இன்னொன்று.

ஐந்தே ஆயுதங்கள் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேண்டும். ட்ராப்கிக் ஐந்து முறை என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்றில் வில்லி நகரவே கூடாது. நான்காவதில் ஒரு அடி பின்னால் தள்ளாட வேண்டும். ஐந்தாவதில்தான் விழ வேண்டும். முதல் உதைக்கே வில்லி விழுந்துவிட்டால் அந்த உதைக்கும் மதிப்பில்லை, வில்லிக்கும் மதிப்பில்லை.

அந்த உதையைச் சற்றுக் கிட்டத்தில் பார்ப்போம். குறி, மார்பெலும்பின் மேல்பகுதி; கழுத்துக்குழி ஒருபோதும் கூடாது. இரண்டு பாதங்களும் சேர்ந்து, உள்ளங்கால் முழுதாகப் படிய வேண்டும். குதிகால் முதலில் பட்டால் எதிரியின் மார்பு கன்றும், கால்விரல் நுனி முதலில் போனால் தாடையைப் பெயர்க்கும். தூரம் ஒரு கை நீளமும் இன்னொரு அரை அடியும். நின்ற இடத்திலிருந்து நேராக மேலே குதித்து, இடுப்பு மார்பு உயரத்துக்கு வந்த பிறகுதான் காலை நீட்ட வேண்டும். குதிக்கும்போதே நீட்டினால் உதை வயிற்றில் போய் விழும். உதைத்த கணமே உடலைப் பக்கவாட்டில் திருப்பி, இரண்டு உள்ளங்கைகளும் முன்கைகளும் ஒன்றாக மேட்டில், அதாவது ரிங்கின் தரை விரிப்பில், படும்படி குப்புற இறங்க வேண்டும். பயந்துபோய் ஒரு கையை மட்டும் ஊன்றும் பழக்கம் புதியவர்களிடம் உண்டு. முழங்கை மூட்டு விலகுவது அங்கேதான்.

வாங்குகிறவருக்கும் பாதி வேலை இருக்கிறது. வில்லி அரை அடி முன்னால் வந்து மார்பைக் கொடுக்க வேண்டும். அசையாமல் நிற்கும் காட்சியிலும் மூச்சை வெளியே விட்டு, தாடையைத் தாழ்த்தி, வயிற்றை இறுக்கிக்கொண்டுதான் நிற்க வேண்டும். விறைப்பாக நின்றால் உதைத்தவள் சுவரில் மோதியதுபோல் திரும்பி வந்து தலைகீழாக விழுவாள்.

விழுதல்

ஜப்பானியர் இதை உகெமி என்கிறார்கள். ஜூடோவிலிருந்து வந்த சொல். வில்லியோடு ஆடும் ஆட்டத்தில் புதுமுகம் முப்பது நாற்பது முறை விழுவாள். ஆகவே இது சரியாக வராத பெண்ணை இந்த ஆட்டத்துக்கு அனுப்பவே கூடாது, சுவரொட்டி அச்சாகிவிட்டிருந்தாலும்.

பின்னால் விழும்போது தாடை மார்பில் ஒட்டியிருக்க வேண்டும். கண் தன் தொப்புளைப் பார்க்க வேண்டும், அப்போது தலை தானாகத் தூக்கி நிற்கும். மேல்முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் மேட்டில் படட்டும். கைகள் உடலிலிருந்து நாற்பத்தைந்து பாகை விலகி, உள்ளங்கை கீழ்நோக்கி, மேட்டை அறைய வேண்டும். அறையும் அதே நொடியில் மூச்சு வெளியே போக வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் நுரையீரல் அதிர்ந்து, அடுத்த பத்து வினாடிக்கு அவள் வாய் திறந்தபடி கிடப்பாள். கூட்டத்துக்கு அது நடிப்புபோலத் தெரியும், அவளுக்கு மரண பயம்.

பயிற்சி வரிசை: முதலில் உட்கார்ந்த நிலையிலிருந்து, பிறகு குந்திய நிலையிலிருந்து, பிறகு நின்றபடி, கடைசியில் இன்னொருவர் தூக்கிப் போட. ஒரு படியில் பத்துக்குப் பத்தும் தலை படாமல் வந்தால்தான் அடுத்த படி. களைத்த பிறகு மீண்டும் சோதியுங்கள். ஐந்நூறு முறை குந்தி எழுந்து முடித்துக் கால் நடுங்கும்போது எப்படி விழுகிறாளோ அப்படித்தான் எட்டாவது நிமிடத்தில் விழுவாள். தலை ஒருமுறை மேட்டில் 'டங்' என்று பட்டுவிட்டால் அன்றைய பயிற்சி முடிந்தது. தலைவலி, குமட்டல், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, வெளிச்சம் கூசுவது இவற்றில் எது தெரிந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். அவர் சொல்லும்வரை ரிங் இல்லை.

பாலம்

ஜப்பானியப் பெண்கள் ஆட்டத்தை வேறு எங்கும் இல்லாத ஒன்றாக ஆக்குவது பாலம், அதாவது பிரிட்ஜ். எதிராளியின் தோள் இரண்டையும் மேட்டில் அழுத்தி, நடுவர் மூன்று எண்ணும்வரை வைத்திருந்தால் வெற்றி; இந்த அழுத்தலுக்குத்தான் 'பின்' (pin) என்று பெயர். தோள் இரண்டும் மேட்டில் அழுந்தி, நடுவர் 'இரண்டு' என்று அடித்ததும், கீழே கிடப்பவள் தலையையும் பாதத்தையும் ஊன்றி உடலை வில்லாக வளைத்து, மேலே கிடப்பவரோடு சேர்த்துத் தூக்குவாள்.

இதற்கு வரலாறு உண்டு. 1968-ல் மாட்சுநாகா சகோதரர்கள் தொடங்கிய ஆல் ஜப்பான் விமன்ஸ் நிறுவனத்தில், கீழ்மட்ட இளையவர்களின் ஆட்டங்கள் பலவற்றில் கடைசிப் பின் மட்டும் பேசி வைக்கப்படாது. ஒசாயேகோமி என்று பெயர். இருவரும் மாறிமாறிப் பின் பிடிப்பார்கள், உண்மையிலேயே அழுத்துவார்கள், உண்மையிலேயே தப்பிப்பார்கள். தோளைத் தூக்க முடியாதவள் தோற்றாள். அந்தக் கழுத்துகள்தான் பின்னால் பெரிய மேடைகளைத் தாங்கின. வில்லியை எதிர்த்து ஆடும் புதுமுகத்துக்குக் கூட்டத்தின் மதிப்பை வாங்கித் தருவது அவள் அடிக்கும் அடியைவிட இந்தப் பாலம்தான்.

வில்லி ஒற்றைக் காலை அவள் மார்பில் வைத்து, கைகட்டி நின்று, அலட்சியமாகப் பின் எடுக்கட்டும். அந்தக் காலைப் பாலத்தால் தூக்கி எறிவதுதான் ஆட்டத்தின் முதல் பெரிய கைதட்டல். ஆனால் 100 கிலோ உடல் முழுதாக மேலே கிடக்கும்போது பாலம் போடச் சொல்லாதீர்கள். கழுத்து முள்ளெலும்புகள் அதற்கு ஆனவையல்ல. அப்போது வில்லி தன் முழங்காலாலும் முன்கையாலும் தன் எடையில் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ள வேண்டும். கூட்டத்துக்கு அது தெரியாது, தெரியவும் கூடாது.

வில்லியின் பணப்பை

ஆட்டத்தின் பணப்பை வில்லியிடம்தான் இருக்கிறது. எப்போது, எவ்வளவு கொடுப்பது என்பது அவள் கையில்.

1985-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆல் ஜப்பான் விமன்ஸில் க்ரஷ் கேல்ஸ் என்ற ஜோடி, சிகுசா நாகாயோவும் லயனஸ் அசுகாவும், பள்ளிக்கூடப் பெண்களின் தெய்வங்கள். எதிரே டம்ப் மாட்சுமோட்டோ, வர்ணம் பூசிய முகம், சங்கிலி, மூங்கில் வாள், கூடவே தீயவர் கூட்டணி. நடுவர் அபே ஷிரோ வில்லிகளுக்கு வேகமாகவும் நல்லவர்களுக்கு மெதுவாகவும் எண்ணுவார். கண்ணெதிரே நடக்கும் அநியாயம் அவர் கண்ணில் படாது. அந்த வருடம் ஆகஸ்ட் 28-ல் ஒசாகா-ஜோ ஹாலில் தலைமுடியைப் பந்தயம் வைத்து மோதினார்கள். இருபது வயது நாகாயோ தோற்றார். ரிங்கின் நடுவிலேயே தலை மழிக்கப்பட்டது, மண்டபம் முழுக்கப் பெண்பிள்ளைகள் கதறினார்கள். நாகாயோ அதோடு சிறுத்துப்போகவில்லை. அந்தத் தோல்வியால்தான் அவர் இன்னும் பெரியவரானார். அந்தக் கதறலை வாங்கிக் கொடுத்தவர் மாட்சுமோட்டோ. அடுத்த ஆண்டு நவம்பர் 7-ல் கணக்குத் தீர்ந்தது, இம்முறை மழிக்கப்பட்டது வில்லியின் தலை. இடையில் பதினான்கு மாதங்கள். கூட்டத்தை அவ்வளவு காலம் காத்திருக்க வைக்கும் தைரியம் வேண்டும்.

வில்லியாக ஆடுகிறவர் செய்யக்கூடாத முதல் காரியம், சிரிக்க வைப்பது. ஒரு கேலிச் சேட்டை செய்தால் கூட்டம் சிரிக்கும், சிரித்த கூட்டம் பயப்படாது. பயப்படாத கூட்டத்துக்குப் புதுமுகத்தின் மேல் கவலையும் வராது. இரண்டாவது, வலியை முகத்தில் சீக்கிரம் காட்டுவது. ஏழாவது நிமிடம்வரை வில்லியின் முகத்தில் எரிச்சல் மட்டும் இருக்கட்டும். அதிர்ச்சி ஒரே ஒருமுறைதான் வர வேண்டும். அதைச் சேமித்து வைத்திருந்தவள்தான் நல்ல வில்லி.

வில்லியும் ஒருகாலத்தில் புதுமுகமாக இருந்தவள் என்பதையும் ஆட்டத்தை அமைப்பவர் மறக்கக் கூடாது. புல் நாகானோ 1983-ல் பதினைந்து வயதில் அறிமுகமாகி, மாட்சுமோட்டோவின் கூட்டத்தில் ஒரு பக்கத் தலை மழித்த சிறுமியாக நின்றவர். 1990-ன் தொடக்கத்தில் உலகப் பட்டத்தை வென்று ஏறக்குறைய மூன்று வருடம் வைத்திருந்தார். 1986-ல் அறிமுகமான அஜா காங் அவரிடம் மறுபடி மறுபடி தோற்று, 1992 நவம்பரில்தான் அந்தப் பட்டத்தைப் பறித்தார். பிறகு அஜாவே எல்லோரையும் மிரட்டும் மலையாக நின்றார், 1995 மார்ச் 26-ல் யோகோஹாமா அரீனாவில் மனாமி டொயோட்டா பட்டத்தைப் பிடுங்கும்வரை. தான் வாங்கிய அடி எப்படிப்பட்டது என்று தெரிந்தவரிடம்தான் அடுத்த புதுமுகத்தை ஒப்படைக்க முடியும்.

பொருள்கள்

ரிங் ஏறக்குறைய ஆறு மீட்டர் சதுரம். இரும்புச் சட்டத்தின் மேல் மரப்பலகை, அதன் மேல் மெல்லிய மெத்தை, அதன் மேல் இறுக்கிக் கட்டிய கேன்வாஸ். ஜப்பானிய ரிங் கயிற்றின் உள்ளே இருப்பது கம்பி வடம், மேலே ரப்பர் குழாயும் டேப்பும். கயிற்றில் மோதித் திரும்பி ஓடும் பயிற்சியில் புதுமுகத்தின் அக்குளும் முதுகும் முதல் வாரத்தில் நீலம் பாரிக்கும். மோதும்போது மேல் கயிற்றை ஒரு கையால் பிடித்தே ஆக வேண்டும். கயிறு எதிர்பாராமல் தளர்ந்தால் அந்தக் கைதான் அவளை வெளியே விழாமல் காப்பாற்றும்.

ஆட்ட நாளில் கதவு திறக்குமுன் இருவரும் சேர்ந்து ரிங்கைச் சுற்றி நடக்க வேண்டும். நான்கு மூலை மெத்தைகளின் கட்டு, பலகைகளுக்கு நடுவே இடைவெளி, கேன்வாஸில் சுருக்கம், எந்தப் பக்கக் கயிறு தொளதொளப்பு, இவையெல்லாம் கையால் தொட்டுப் பார்க்க வேண்டியவை.

வில்லிக்கு ஓர் ஆயுதம், ஒரே ஒருமுறை. அஜா காங்கால் புகழ்பெற்ற இட்டோகான், அதாவது நம்மூர் எண்ணெய் டின் போன்ற 18 லிட்டர் சதுரத் தகரம், இதற்கு நல்ல தேர்வு. சத்தம் பெரிது, தகரம் நசுங்கும்போது அடியின் வேகத்தில் பெரும்பகுதியைத் தானே வாங்கிக்கொள்ளும். ஆனால் டின் காலியாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். தட்டையான பெரிய பக்கம்தான் பட வேண்டும், விளிம்போ மூலையோ கைப்பிடியோ பட்டால் தோல் கிழியும். ஒருமுறை நசுங்கினால் மடிப்பு கத்திபோல் ஆகிவிடும். அந்த டின்னை ரிங்குக்கு வெளியே எறிந்துவிட வேண்டும். அதை மறுபடி எடுத்து அடிக்கும் ஆசைதான் தையலில் கொண்டுபோய் விடுகிறது. புதுமுகத்தை முதுகின் மேல்பகுதியில் அடியுங்கள். ஒரு வருட அனுபவக்காரியின் தலையில் எதையும் இறக்காதீர்கள்.

மூங்கில் வாள் என்றால், நான்கு மூங்கில் பட்டைகளைத் தோல் வாரால் கட்டியது அது. ஆட்டத்துக்கு முன் பட்டைகளின் ஓரத்தை விரலால் வருடிப் பாருங்கள், சிம்பு எழுந்திருந்தால் மாற்றுங்கள். அடி தொடையிலும் தோள்பட்டைத் தசையிலும் மட்டும். முதுகெலும்பு, சிறுநீரகம் இருக்கும் இடுப்பின் மேல்பக்கம், பிடரி மூன்றும் தடை. ரத்தம் இந்த ஆட்டத்துக்குத் தேவையே இல்லை. 1980-களின் மேடைகளில் அது ஓடியது உண்மைதான், அதோடு வந்த தழும்புகளும் உண்மைதான்.

மணி அடிப்பதிலிருந்து

அறிவிப்பாளர் பெயரைச் சொன்னதும் ரசிகர்கள் வண்ணக் காகிதச் சுருள்களை ரிங்குக்குள் வீசுவார்கள், ஒவ்வொருவருக்கும் அவரவர் நிறம். சுருளின் நடுவே இருக்கும் கெட்டியான உருளையை உருவி எடுத்துவிட்டு வீசுவதுதான் ஒழுங்கு, இல்லையென்றால் அது கல்லெறி. புதுமுகத்துக்குச் சுருள் குறைவாகத்தான் விழும். அந்தக் குறைவே கதையின் முதல் வரி. ரிங் ஓரத்தில் நிற்கும் இளையவர்கள், செகண்ட் என்று பெயர், ஐந்து வினாடியில் எல்லாவற்றையும் வாரி இழுக்க வேண்டும். கேன்வாஸில் ஒரு முழம் காகிதம் மிச்சமிருந்தாலும் ஓடுகிறவளின் கால் வழுக்கும். வில்லி மணிக்கு முன்பே பாயும் திட்டம் இருந்தால், வாரி முடித்துக் கையைத் தூக்கும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள்.

அதைவிட நல்ல தொடக்கம், புதுமுகமே முதலில் பாய்வது. வில்லி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது ஓடிவந்து ட்ராப்கிக். வில்லி மெதுவாகத் திரும்பிப் பார்க்கிறாள். மீண்டும் உதை, மீண்டும் உதை. நகரவில்லை. நான்காவதாக ஓடிவருபவளை ஒற்றைத் தோளால் மோதிக் கீழே தள்ளினால், முதல் நிமிடத்திலேயே இருவரும் யார் என்று கடைசி வரிசைவரை தெரிந்துவிடும்.

ஒன்றிலிருந்து ஐந்தாவது நிமிடம்வரை வில்லியின் ராஜ்யம். தலைமுடியைப் பிடித்துத் தூக்கி எறிவது இந்த வகை ஆட்டத்தின் பழைய அடையாளம், மூன்று முறை தொடர்ந்து செய்வார்கள். பிடிப்பவர் நுனியைப் பிடிக்கக் கூடாது. விரல்களை வேர்வரை நுழைத்து, முஷ்டியைத் தலையோடு ஒட்டி மூட வேண்டும். எறியப்படுபவள் இரண்டு கைகளாலும் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, இழுப்பு அந்தக் கைகள் வழியாகப் போகும்படி செய்து, தானே குதித்துச் சுழல வேண்டும். சுழற்சி பாதியில் நின்றால் இடுப்பெலும்பில் விழுவாள். அதனால் கால்களை முழுதாக மேலே கொண்டுபோகும் துணிவு வரும்வரை இதை வெறும் இழுப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு வெளியே. டோக்கியோவின் கொராகுவென் ஹால் போன்ற இடங்களில் இருக்கைகள் ரிங்குக்கு மிக அருகில். இளையவர்கள் முன்னால் ஓடி ரசிகர்களை எழுப்பி வழி செய்துவிட்டார்களா என்று பார்த்த பிறகே வில்லி அவளை நாற்காலி வரிசைக்குள் தள்ள வேண்டும். இரண்டு வரிசை போதும். கைப்பை, தண்ணீர்ப் பாட்டில், குழந்தை இந்த மூன்றையும் கண்ணால் தேடிவிட்டுத் தள்ளுங்கள். ஜப்பானில் வெளியே இருப்பவருக்குப் பொதுவாக இருபதுவரை எண்ணுவார்கள். வில்லி பத்திலேயே உள்ளே போய் மூலையில் சாய்ந்து நிற்கட்டும். புதுமுகம் பத்தொன்பதில் ஊர்ந்து வரட்டும். பதினைந்தில் வந்தால் யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள்.

எழுந்து நிற்பதைத் தனியாகப் பயிற்சி செய்யச் சொல்லுங்கள். இதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். முதலில் ஒரு கை கீழ்க் கயிற்றைத் தேடும். பிறகு ஒரு முழங்கால், நடுக் கயிறு. அங்கே ஒருமுறை வழுக்கட்டும். கண் வில்லியின் மேல் இருக்க வேண்டும். கூட்டத்தைப் பார்த்து ஆதரவு கேட்கிற மாதிரி முகத்தைத் திருப்பினால் நடிப்பாகிவிடும். ரசிகர்கள் தாங்களாகவே அவள் பெயரைச் சொல்லத் தொடங்குவார்கள், பின் எடுக்கும்போது 'காஎசே', தூக்கி எறி, என்று கத்துவார்கள். அழுகை வந்தால் வரட்டும், அடக்கச் சொல்லாதீர்கள். வராத அழுகையை மட்டும் வரவழைக்கச் சொல்லாதீர்கள்.

ஐந்தாவது நிமிடத்தில் அவளுக்கு மூச்சு வாங்கும். வேகமாகத் தொடங்கியவள், பயமும் சேர்ந்ததால் மூச்சைப் பிடித்துப் பிடித்து ஆடியிருப்பாள். இப்போதே பெரிய முயற்சியைச் செய்தால் உதை இடுப்பு உயரம்தான் எழும், தூக்கல் பாதியில் நழுவும். எனவே வில்லி அவளைக் குப்புறப் போட்டு, முதுகின் மேல் உட்கார்ந்து தாடையைப் பிடித்து இழுக்கும் பிடியில் நாற்பது வினாடி வைத்திருக்கட்டும். உண்மையில் இது ஓய்வு. வில்லியின் எடை அவளது சொந்தக் குதிகால்களில் இருக்க வேண்டும், முதுகில் இல்லை. கை தாடைக்குக் கீழே தளர்வாகக் கிடக்கட்டும். முடி முகத்தை மறைக்கும் அந்த நேரத்தில்தான் "மூச்சு விடு, அடுத்தது கயிறு, பிறகு நான் ஓடி வருவேன்" என்று மூத்தவர் காதில் சொல்வார். இளையவள் விரலால் ஒருமுறை அழுத்திப் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் பிடியை நீட்டுங்கள், மீண்டும் வராவிட்டால் நடுவரிடம் சொல்லுங்கள்.

அந்த இரண்டு நிமிடம்

ஆறாவது நிமிடத்தின் முடிவில் வில்லி தவறு செய்கிறாள். ஓடிவந்து மூலையில் மோதும்போது புதுமுகம் விலகுகிறாள். உடனே ரோல்-அப். நடுவர் ஒன்று, இரண்டு, கை கீழே வரும் நொடியில் வில்லி உதறி எழுகிறாள். அதிர்ச்சி முகத்தில் வர வேண்டிய இடம் இதுதான். இதற்கு முன் வில்லி ஒருமுறைகூடத் தோள் படாமல் இருந்திருந்தால், இந்த ஒரு பின் போதும் மண்டபம் எழ. நான்கு ஐந்து என்று பின்களை அடுக்காதீர்கள். மூன்றாவதற்குள் கூட்டம் கணக்கைப் புரிந்துகொண்டுவிடும்.

பிறகு நான்காவது ட்ராப்கிக், ஐந்தாவது ட்ராப்கிக், வில்லி விழுகிறாள். இப்போது ஸ்லாம்.

இதற்கு முன், இரண்டாவது நிமிடத்திலும் நான்காவது நிமிடத்திலும் அவள் தூக்க முயன்று தோற்றிருக்க வேண்டும், வில்லி அவள் முதுகில் ஓங்கி அறைந்திருக்க வேண்டும். மூன்றாவது முயற்சிதான் ஏறும். 55 கிலோ பெண் 100 கிலோவை எப்படித் தூக்குகிறாள்? ஒரு கை தொடைகளுக்கு நடுவே, இன்னொரு கை எதிர்த் தோளுக்கு மேல். முழங்காலை மடக்கி, தன் இடுப்பை வில்லியின் இடுப்புக்குக் கீழே கொண்டுபோக வேண்டும். முதுகு நேராக இருக்கட்டும், தூக்குவது தொடை. வில்லி தன் கையைத் தூக்குபவளின் தொடையில் ஊன்றி, சரியான நொடியில் தானே குதித்துத் தன் எடையில் பாதியை ஏற்ற வேண்டும். ஏறியதும் எடை தோளில் சாய வேண்டும், முன்னால் கையில் தொங்கக் கூடாது. திரும்பி, முன்னால் வளைந்து, வில்லியின் முதுகு தட்டையாக விழும்படி விட வேண்டும்.

பிசகு எங்கே வரும் என்றால், குதிப்பும் தூக்கலும் அரை நொடி மாறும்போது. அப்போது புதுமுகத்தின் முதுகு வளையும், எடை முன்னால் சரியும், வில்லி தலைகீழாகத் தொங்குவாள். அந்தக் கணத்தில் இருவரும் செய்ய வேண்டியது ஒன்றே. பக்கவாட்டில் சாய்ந்து விழுவது. யாரும் மறுபடி தூக்க முயலக் கூடாது. பயிற்சியில், களைத்த நிலையில், பத்துக்குப் பத்து வராத ஸ்லாமை ஆட்டத்தில் வைக்காதீர்கள். அதற்குப் பதில் ஐந்தாவது ட்ராப்கிக்கில் வில்லி விழுவதையே உச்சமாக்குங்கள். அதுவும் நன்றாகவே இருக்கும்.

தோல்வி

ஸ்லாமுக்குப் பிறகு ஒரு பின், எண்ணிக்கை இரண்டே முக்காலில் வில்லி தப்பிக்கிறாள். புதுமுகம் கயிற்றில் ஓடித் திரும்புகிறாள், வில்லியின் கை வருகிறது. இங்கே ஒரு விதி: வில்லி தொடக்கத்தில் சின்ன அடியிலேயே முடித்துவிடலாம் என்று நினைத்தவள். முடிவில் தன் உண்மையான கடைசி ஆயுதத்தை எடுத்தே ஆக வேண்டியிருக்க வேண்டும். அஜா காங்குக்கு அது உராகென், சுழன்று வரும் புறங்கை அடி. உங்கள் வில்லிக்கு எதுவோ அது. பட்டத்துக்கான ஆட்டத்தில் மட்டும் வெளியே வரும் ஆயுதம் ஒரு வருடப் பெண்ணுக்காக வெளியே வந்தால், அதைவிடப் பெரிய பாராட்டு அவளுக்குக் கிடைக்காது. அதற்கு முன், கையை நீட்டி மார்பில் மோதும் லேரியட் ஒன்றில் பின் எடுத்து, அவள் பாலம் போட்டுத் தப்பிக்கட்டும். கடைசி அடிக்குப் பிறகு தப்பிக்கவே கூடாது.

நடுவருக்கு ஒரு வார்த்தை. தோள் கீழே இருந்தால் மூன்று அடித்துவிடுங்கள், திட்டம் என்னவாக இருந்தாலும். தோளைத் தூக்க மறந்தவள் உண்மையிலேயே நினைவிழந்திருக்கலாம். அதற்காக எண்ணிக்கையை நிறுத்தினால் அவள் இன்னும் அடி வாங்குவாள். ஏதாவது உண்மையில் தவறினால் கைகள் இரண்டையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்து எக்ஸ் காட்டுங்கள். அந்தச் சைகையை ஒருபோதும் கதைக்காகப் பயன்படுத்தாதீர்கள்.

முடிந்தபின் கைகுலுக்கல் வேண்டாம். வில்லி அவளைக் காலால் உருட்டி ரிங்குக்கு வெளியே தள்ளிவிட்டுப் போகட்டும். வாசல்திரைக்கு முன் ஒருமுறை நின்று திரும்பிப் பார்க்கட்டும், ஒரு வினாடி. இளையவர்கள் தோளில் தூக்கிக்கொண்டு போகும்போது புதுமுகம் அவர்கள் கையை உதறிவிட்டுத் தானே நடக்க முயன்றால், அதை நிறுத்தாதீர்கள்.

மண்டபத்துக்கு வெளியே

கூட்டத்தின் கோபம் கதவோடு நிற்க வேண்டும். ஸ்டார்டம் நிறுவனத்தில் ஆடிய ஹனா கிமுரா 2020 மே மாதம் இருபத்திரண்டு வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார். ரிங்குக்கு வெளியே, தொலைக்காட்சி ரியாலிட்டி நிகழ்ச்சி ஒன்றில் வந்த காட்சிக்காகச் சமூக வலைத்தளங்களில் கொட்டப்பட்ட வசை அதற்கு முன்னால் இருந்தது. 2022-ல் ஜப்பான் அவமதிப்புக் குற்றத்துக்கான தண்டனையைக் கூட்டியது. வில்லியாக ஆடும் பெண்ணை அன்று இரவு தனியாக வலைத்தளச் செய்திகளைப் படிக்க விடாதீர்கள். கணக்கை வேறொருவர் கவனிக்கட்டும், மிரட்டலாக வருவதை அழிக்காமல் படம் பிடித்து வைக்கட்டும்.

உடைமாற்றும் அறையில் புதுமுகம் மூத்தவர் முன் போய்த் தலைவணங்கி நன்றி சொல்வது அங்குள்ள முறை. அப்போது மூத்தவர் குறை சொல்வதாக இருந்தால் ஒன்றே ஒன்று சொல்லட்டும். அந்த நேரத்தில் அவளுக்கு அதற்கு மேல் காதில் ஏறாது. கழுத்துக்கும் முன்கைக்கும் பதினைந்து நிமிடம் ஐஸ், துணியில் சுற்றி. அன்றிரவு தனி அறையில் தூங்க வேண்டாம், யாராவது உடன் இருக்கட்டும். மறுநாள் காலை கழுத்தை இரு பக்கமும் திருப்பச் சொல்லிப் பார்த்த பிறகே அடுத்த ஊர் பஸ்ஸில் ஏற்றுங்கள்.

மறுபடி இந்த இருவரையும் மோதவிடும்போது, குறைந்தது ஆறு மாதம் கழித்து, ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றாவது முயற்சியில் ஏறிய ஸ்லாம் இரண்டாவது முயற்சியில் ஏறட்டும்.